பூசாத சுவர்

அந்த வீட்டில் ஊசிகள் இரண்டு. ஒன்று மாமியாரின் தையல் மெஷினில் இருந்தது. இன்னொன்று மருமகளுடையது. முழங்கை நீளம், கைப்பிடித் தடிமன், பெட்ரோல் இன்ஜினில் ஓடுகிற இரும்பு உருளை. ஈரக் காங்கிரீட்டுக்குள் இறக்கினால் கிடுகிடுவென்று அதிர்ந்து, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றையெல்லாம் குமிழ் குமிழாக மேலே துரத்திவிடும். வைப்ரேட்டர் என்பது மெஷினின் பெயர். முனையில் இருக்கும் அந்த உருளையைக் கட்டட வேலைக்காரர்கள் ஊசி என்றுதான் சொல்வார்கள். அதைப் பிடித்துப் பிடித்து அவளுக்கே ஊசிக்காரி என்று பெயர் நிலைத்துவிட்டது.

"ரெண்டு ஊசிக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட நூலு நான்தான்" என்பான் அவள் புருஷன். சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொள்வான். வேறு யார் சிரிப்பார்கள்?

அவன் இன்ஜின் ஆள். பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போக வேண்டும், அவள் ஊசியை உள்ளே விட்டால் ஓட்டத்தைக் கூட்ட வேண்டும், வெளியே எடுத்தால் குறைக்க வேண்டும். இன்ஜின் போடுகிற சத்தத்தில் பேச்சு எடுபடாது. அதனால் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயைத்தான் இழுத்துப் பேசிக்கொள்வார்கள். ஒரு இழுப்பு என்றால் குறை. இரண்டு என்றால் கிட்டே வா. படபடவென்று இழுத்தால், "எங்கே பராக்குப் பார்க்கிறாய்?" என்று அர்த்தம். அந்த மூன்றாவதுதான் அதிகம் வரும்.

கல்யாணமான புதிதில் இது தலைகீழாக இருந்தது. ஊசி அவன் கையில், இன்ஜின் அவள் கையில். அவனுக்கோ அவசரக் கை. ஊசியைச் சடக்கென்று இறக்கலாம், தப்பில்லை. ஆனால் எடுக்கும்போது மெல்ல, மெல்ல, விட்ட பள்ளம் தானாக மூடிக்கொள்ளும்படி எடுக்க வேண்டும். அவன் கிணற்று வாளி மாதிரி வெடுக்கென்று இழுப்பான். ஒரு தூணில் பலகையைப் பிரித்தபோது, தேன்கூடு போலப் பொத்தலும் பொள்ளலுமாக நின்றது. அன்றைக்கே அவள் ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, தோற்றதை அவனைப்போல அழகாக ஒப்புக்கொள்கிற ஆம்பளை ஊருக்கு ஒருத்தன்கூடத் தேறமாட்டான். "எனக்கு முதுகு பலம், உனக்குக் கை பலம்" என்று இன்ஜினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

மாமியார்தான் ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றும் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லித் தீர்த்திருக்கலாம். அந்த அம்மா தையல்காரி, வாய் அளந்துதான் பேசும். சொந்தக்காரர்கள் வந்து "மருமக என்ன பண்றா?" என்று கேட்டால், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு கம்பெனியில இருக்கா" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதிக்கும். ஒருநாள் அடுப்படியிலிருந்து இதைக் காதால் கேட்ட ஊசிக்காரிக்கு நெஞ்சு சுருக்கென்றது. கம்பெனியாம் கம்பெனி! திருடியா பிழைக்கிறேன், மறைத்துச் சொல்ல?

அவளுக்கு ரோஷம் கொஞ்சம் கூடுதல். அத்தையை ஒருநாள் சைட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், "இதுதான் என் கம்பெனி, பாருங்க" என்று காட்ட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் எதைக் காட்டுவது? ஊரில் பாதித் தூணும் தளமும் அவள் கைபட்டு இறுகியவைதான். பலகையைப் பிரித்த கையோடு பூச்சுக்காரன் வந்து மெழுகிவிடுவான், அவன் பின்னால் பெயிண்டர் வருவான். வீட்டுக்காரர்கள் வந்து நின்று பெயிண்ட் நிறத்தைப் பாராட்டுவார்கள். உள்ளே இருப்பவளை யார் நினைக்கிறார்கள்!

அப்போதுதான் புதிதாகக் கட்டுகிற பஸ் நிலையத்தின் சுவர் வந்தது.

பயணிகள் உட்காரும் கூடத்துக்கு முன்பக்கச் சுவர். மேஸ்திரி அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்த மனுஷனுக்குக் குரல் மட்டும்தான் பெரிது, மனசு மோசமில்லை.

"இந்தச் சுவருக்குப் பூச்சும் கிடையாது, பெயிண்டும் கிடையாது. பலகையைப் பிரிச்சா எப்படி நிக்குதோ அப்படியேதான். வரைபடத்துல அப்படித்தான் போட்டிருக்கு. வர்றவன் போறவன் கண்ணு பூரா அதுமேலதான் இருக்கும். உன்னால ஆகுமா?"

"ஆகும்."

"யோசிச்சு சொல்லும்மா."

"யோசிச்சுட்டுத்தான் சொல்றேன்."

"பொத்தல் ஒண்ணு விழுந்தாலும் சரி, பாதியில நின்னாலும் சரி, வாடகை மெஷின்காரனைக் கூப்பிட்டு ஊசியை அவன் கையில குடுத்துடுவேன். அப்புறம் என் சைட்டு எதுலயும் உனக்கு ஊசி கிடையாது. முகத்துக்கு நேரா சொல்லிட்டேன், பின்னால வருத்தப்படக் கூடாது."

அவள் வருத்தப்படவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தாள். பூசாத சுவர்! பஸ் ஏறப் போகிற அத்தனை பேரும் பார்ப்பார்கள், அத்தையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

வேலைக்கு முதல்நாள் மத்தியானமே மெஷினைப் பின்வாசலில் பிரித்துப் போட்டுவிட்டாள். பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினாள். காற்று வடிகட்டியின் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசிப் பிழிந்து காயவைத்தாள். பிளக்கைக் கழற்றிக் கரியை உப்புத்தாளால் தேய்த்தாள். குழாய்க்குள் சுற்றுகிற எஃகுக் கம்பியை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, புதியதை விரலால் மெல்லிசாகத் தடவினாள். அதிகம் அப்பினால் சூடாகி ஊசிக்குள் இறங்கிவிடும். அளவு தெரியாதவன் தடவினால் மெஷினுக்கே சமாதிதான். ஊசியில் பழைய காங்கிரீட் பொருக்கு ஒன்றுகூட இல்லாமல் சுரண்டினாள். எல்லாம் முடித்துக் கையைத் துடைக்கும்போது, கதவுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்ட் டப்பா கண்ணில் பட்டது.

இங்கேதான் பெருமை கண்ணை மறைத்தது. அத்தனை பெரிய வேலைக்கு இந்தச் சொறி பிடித்த மெஷினையா கொண்டுபோவது? தூசி ஊதி, பெட்ரோல் டேங்கைத் துடைத்து, சிவப்பை அடித்தாள். டேங்க் பளபளவென்று ஆனதும் மேலே மூடி மட்டும் துருவேறி அசிங்கமாகத் தெரிந்தது. அதற்கும் அடித்தாள். ஒன்றுக்கு இரண்டு தடவை. காய்ந்த பிறகு கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள், எடுத்த எடுப்பில் ஓடியது. கொஞ்சநேரம் ஓட்டிப் பார்த்து அணைத்தாள்.

"ஜோரா இருக்கு. என் கல்யாணத்துலகூட எனக்கு இவ்வளவு அலங்காரம் இல்ல" என்றான் புருஷன்.

மாமியார் தையலை நிறுத்தி எட்டிப் பார்த்தது. "பெயிண்டு வழிஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னது. வழிந்துதான் இருந்தது.

மறுநாள் வேலை ஆரம்பித்தது. இருபுறமும் எண்ணெய் தடவிய பலகைகள், நடுவே கம்பிக் கட்டு, அதற்கு மேலே சாரத்தில் அவள். சித்தாள்கள் காங்கிரீட்டைக் கொட்டக் கொட்ட, ஊசியைச் செங்குத்தாக இறக்கினாள். கம்பியில் முட்டக் கூடாது, பலகையில் உரசக் கூடாது. உரசினால் சுவரின் முகத்தில் தழும்பு விழும். காங்கிரீட் ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்து, மேலே குமிழ்கள் வெடித்து வெடித்து அடங்கும். கடைசிக் குமிழ் அடங்கி மேற்பரப்பில் எண்ணெய் பூசியது போல மினுமினுப்பு வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் வைத்திருந்தால் ஜல்லி கீழே போய்விடும், சிமெண்டுப் பால் மேலே வந்துவிடும். ஒரு எட்டுத் தள்ளி அடுத்த இடத்தில் இறக்க வேண்டும். ஒரு அடுக்கு முடிந்து அடுத்த அடுக்கு வந்தால், ஊசி கீழடுக்குக்குள்ளும் கொஞ்சம் நுழைந்து இரண்டையும் பின்ன வேண்டும்.

சுவர் இடுப்புயரம் வந்திருக்கும். இன்ஜின் இருமியது. ஒரு தடவை விக்கியது. நின்றுவிட்டது.

திடீரென்று வந்த அமைதியில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். புருஷன் கயிற்றை இழுத்தான். இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். பிளக்கைத் தொட்டுப் பார்த்தான். இன்ஜின் சூடு ஆறட்டும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்து, பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்தான். பாதி டேங்க் பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு இழுத்தான், உடனே ஓடியது. "அப்பாடா" என்றார்கள். அந்த அப்பாடா அடங்குவதற்குள் மறுபடியும் விக்கி நின்றது.

"என்னம்மா இது கூத்து?" மேஸ்திரியின் குரல் பஸ் நிலையம் முழுக்கக் கேட்டது. "காங்கிரீட்டு உன் மெஷினுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? டேய், கம்பியை எடுத்துக் கையால குத்துங்கடா! யாராவது வாடகை மெஷின்காரனுக்குப் போன் போடுங்க!"

ஊசிக்காரி சாரத்தின் மேலிருந்து இன்ஜினையே பார்த்தாள். போச்சு. சுவரும் போச்சு, ஊசியும் போச்சு. அந்த வாடகைக்காரன் வந்து நிற்பான், அவள் சாரத்திலிருந்து இறங்க வேண்டும். இன்றைக்கு இறங்கினால் இனி ஏற முடியாது. அத்தை சொன்ன கம்பெனிகூட இல்லாமல் போய்விடும்.

சறுக்கிக்கொண்டு கீழே வந்தாள். "தள்ளுங்க."

"பெட்ரோலு இருக்கு, பிளக்கு நல்லா இருக்கு, ஆயிலு இருக்கு" என்று புருஷன் வியர்வையும் கவலையுமாக ஒப்பித்தான். "மூடியைத் திறந்தா ஓடுது, மூடினா நிக்குது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு."

"இப்ப என்ன சொன்னீங்க?"

"பேய் பிடிச்ச மாதிரி..."

"அதுக்கு முன்னாடி!"

அவன் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. மூடியைத் தானே திருகினாள். ஸ்ஸ் என்று காற்று உள்ளே இழுபட்டது. மூடியைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். சிவப்பு. அழகான, வழவழப்பான, இரண்டு தடவை அடித்த சிவப்பு. நடுவில் எப்போதும் இருக்கும் பொடி ஓட்டையைக் காணவில்லை. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டாமா? வருகிற வழியை அவளே பெயிண்ட் அடித்து அடைத்து வைத்திருக்கிறாள். டேங்க் மூச்சு முட்டிச் செத்துப்போகாமல் என்ன செய்யும்?

அவளுக்கு அவமானத்தில் காது மடல் எரிந்தது.

"மூடியைத் தளர்த்தி விட்டு ஓட்டிடலாமா?" என்றான் புருஷன்.

"குதிக்கிற மெஷின், கொதிக்கிற இன்ஜின், பெட்ரோல் தளும்பினா என்ன ஆகும்? சுவரோட சேத்து நம்மளையும் வறுத்து வைக்கவா?"

வேலைக்கு அவள் மேலே போட்டிருந்த, புருஷனுடைய பழைய சட்டையில் பித்தான் அறுந்த இடத்தில் ஒரு ஊக்கு குத்தியிருந்தாள். தையல்காரி வீட்டில் பித்தானில்லாத சட்டை! அந்த ஊக்கைப் பிடுங்கினாள். மூடியின் உள்பக்கத்தில் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து, குத்தி, திருகி, பெயிண்டைப் பெயர்த்தாள். வாயை வைத்து ஊதினாள். மறுபக்கம் விரலில் காற்று பட்டது. துடைத்து மூடினாள்.

"மேஸ்திரி கேட்டா பெட்ரோல்ல தண்ணி கலந்திருந்துச்சுன்னு சொல்லிடலாம்" என்று புருஷன் காதோரம் கிசுகிசுத்தான்.

"எதுக்கு?" என்று நிமிர்ந்து, சாரத்தைப் பார்த்துக் கத்தினாள். "மேஸ்திரி! தப்பு என்னுதுதான்! அழகா இருக்கட்டும்னு பெயிண்டு அடிச்சேன், காத்து ஓட்டை அடைச்சுக்கிச்சு! இப்ப எடுத்துட்டேன்! யாருக்கும் போன் போட வேண்டாம்!"

மேஸ்திரி காதிலிருந்து போனை இறக்கினார். திட்டத்தான் வந்தார், சிரிப்பு முந்திக்கொண்டது. "இன்னொரு தடவை நின்னுச்சுன்னா உனக்கும் சேத்து நானே பெயிண்டு அடிச்சுடுவேன், ஏறு" என்றார்.

இன்ஜின் உறுமியது. ஊசியைச் சாரத்துப் பலகையில் ஒரு தட்டு தட்டினாள், அதிர்வு முழங்கை வரை ஏறியது. காத்துக்கொண்டிருந்த அடுக்கு தொட்டால் இன்னும் குழைந்துதான் இருந்தது. ஆனாலும் நம்பவில்லை. ஊசியை வழக்கத்தைவிட ஆழமாக, நெருக்கி நெருக்கி இறக்கி, பழையதையும் புதியதையும் பிரிக்க முடியாதபடி பின்னினாள். அதன்பிறகு மெஷின் மூச்சுவிடக்கூட நிற்கவில்லை. சுவர் உச்சிக்கு வந்தபோது அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. புருஷன் அன்றைக்கு ஒரு இழுப்புகூட பராக்குக்கு வாங்கவில்லை.

பலகையைப் பிரித்த நாளில் மேஸ்திரி சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். பொத்தல் இல்லை, பொள்ளல் இல்லை. கடைந்தெடுத்த மாதிரி, மழைமேகத்தின் நிறத்தில் நின்றது சுவர். இடுப்புயரத்தில் மட்டும் நிழல் போல ஒரு மெல்லிய கோடு. இன்ஜினியர் தட்டிப் பார்த்து, "உள்ளே கெட்டியா பிடிச்சிருக்கு, நிறம்தான் லேசா மாறியிருக்கு" என்று சொல்லிவிட்டார்.

"கொஞ்சம் சிமெண்டுப் பால் தடவிட்டா அதுவும் தெரியாது" என்றார் மேஸ்திரி.

"தடவினா ஒட்டுப்போட்ட மாதிரி பல்லிளிக்கும். இருக்கட்டும் மேஸ்திரி. நடந்தது நடந்ததுதானே, பூசி மெழுகுவானேன்?"

வீட்டில் போய், "அத்தை, சுவரைப் பிரிச்சாச்சு, பாக்க வர்றீங்களா?" என்று கேட்டாள். "பாக்கலாம், கையில வேலை கிடக்கு" என்றது மாமியார். மறுபடி கேட்க அவளை ரோஷம் விடவில்லை. கூப்பிட்டு வந்து பார்க்க அது என்ன பொம்மைக் கடையா?

பஸ் நிலையம் திறந்து, ஜனங்கள் வந்து போக ஆரம்பித்த பிறகு, சொந்தக்காரர் வீட்டுக்கு மூவரும் கிளம்ப வேண்டியிருந்தது. கூடத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். எதிரே சுவர். ஊசிக்காரி வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரக்கண் மட்டும் கேட்கவில்லை.

மாமியார் சுவரைப் பார்த்தது. எழுந்து கிட்டே போனது. தைத்து முடித்த துணியைத் தடவுவது போல உள்ளங்கையைப் பரத்தித் தடவிக்கொண்டே நடந்தது. இடுப்புயரத்தில் கை நின்றது.

"இங்க ஏன் ஒரு கோடு?"

அந்தக் கண்ணுக்கா தப்பும்? வந்து போன ஒருத்தரும் கேட்காத கேள்வி! ஊசிக்காரிக்கு வீம்பு வந்துவிட்டது. எழுந்துபோய், பெயிண்ட் அடித்தது, இன்ஜின் நின்றது, மேஸ்திரி கத்தியது, ஊக்கால் குத்தியது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். "என் தப்புதான் அத்தை. அதான் கோடு." மாமியார் 'ம்' என்று கேட்டுக்கொண்டது. நல்லது கெட்டது ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதானா என்று ஊசிக்காரிக்கு மனசு விட்டுப்போயிற்று.

பக்கத்து இருக்கையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தன் மனைவியிடம் சொன்னார். "பாத்தியா, எவ்வளவு பெரிய கட்டடம் கட்டிட்டு, சுவரைப் பூசாமயே விட்டுட்டாங்க. சோம்பேறிப் பசங்க."

மாமியார் விருட்டென்று திரும்பியது.

"யாருங்க சோம்பேறி? தெரியாம பேசாதீங்க. இது பூசக் கூடாத சுவரு. வேலை சரியில்லாத சுவரைத்தான் பூசி மறைப்பாங்க. இதுல மறைக்க என்ன இருக்கு? எந்திரிச்சு வந்து தடவிப் பாருங்க, வாங்க. என் மருமக ஊசி பிடிச்ச சுவரு இது!"

பெரியவர் மிரண்டு எழுந்து வந்து தடவினார். அவர் மனைவியும் வந்து தடவினாள்.

"இந்தக் கோடு தெரியுதா? இங்க வந்து மெஷினு நின்னுபோச்சு. அத்தனை ஆம்பளைங்களும் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டானுங்க. மேஸ்திரி அழுவாத குறை. இவ ஒரே தாவா சாரத்துலேர்ந்து குதிச்சா. ஊக்கை எடுத்தா, ஒரே குத்து! மெஷினு அலறிக்கிட்டு ஓடுது!"

"நீங்க பக்கத்துல இருந்தீங்களாம்மா?" என்று அந்த மனைவி வியந்து கேட்டாள்.

"பின்னே? பாக்காமயா சொல்றேன்?"

பச்சைப் பொய். ஊசிக்காரி திருத்த வாயெடுத்தாள். அழுகையும் பெருமையும் ஒன்றாக முட்டின.

"இதோ நிக்கிறா பாருங்க, இவதான். இங்க வாடி." மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தியது. பிடித்த கையை விடவும் இல்லை.

பஸ் வந்து நின்றது. புருஷன் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "அம்மா, பஸ்ஸு! ஏறுங்க, ஏறுங்க!"

"போகட்டும்டா, அடுத்தது வராமலா இருக்கும்?" என்றது மாமியார். அதற்குள் புதிதாக இரண்டு பேர் வந்து சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருமகளின் கையைப் பிடித்தபடியே அவர்கள் பக்கம் திரும்பி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தது.